வெள்ளிக்கிழமைத் துப்பாக்கிகள்

வில்லன் செத்து விழுந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் போன் வந்துவிட்டது.

வில்லனைக் கொன்றது சத்தக்காரர். வானொலி நிலையத்தில் அவருக்கு நீளமாக ஒரு பதவிப் பெயர் உண்டு. அதைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை, கூப்பிட்டாலும் அவர் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார். நாடகத்தில் மழை வேண்டுமா, தகரத் தட்டில் அரிசியைக் கொட்டுவார். குதிரை வேண்டுமா, இரண்டு கொட்டாங்குச்சி. எலும்பு முறிய வேண்டுமா, ஒரு கேரட். துப்பாக்கி என்றால் சோபாவில் இருக்கும் ரெக்சின் திண்டை எடுத்து நாற்காலியில் வைத்து, மர ஸ்கேலால் ஓங்கி ஒரே அடி. அந்தத் திண்டு இத்தனை வருடத்தில் எத்தனையோ பேரைக் கொன்றிருக்கிறது. இதுவரை ஒருத்தரும் குறை சொன்னதில்லை.

நிலைய மேலாளர் கதவைத் திறந்து தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"ஒரு அம்மா போன் பண்ணாங்க. அவங்க வீட்டுக்காரர் ஆயுதக் கிடங்குல துப்பாக்கி பழுது பார்த்து ரிட்டயர் ஆனவராம். 'அது துப்பாக்கியே இல்ல, எவனோ மெத்தையைத் தூசி தட்டறான்'னு சொல்லச் சொன்னாராம்."

சத்தக்காரர் ஸ்கேலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"மெத்தை இல்ல சார். திண்டு."

"அது ரொம்ப முக்கியம் பாருங்க. என் ரூம்ல இருக்கற பெட்டி ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இல்லாமலா? தலைமை அலுவலகம் அனுப்பிய அட்டைப்பெட்டி அது. உள்ளே ஒரு கருவி. ஒரு பொத்தானை அமுக்கினால் மழை, இன்னொன்றை அமுக்கினால் குதிரை. அரிசியும் வேண்டாம், கொட்டாங்குச்சியும் வேண்டாம், ஆளும் வேண்டாம். மேலாளர் பழைய மனிதர் என்பதால் அதைப் பிரிக்காமல் வைத்திருந்தார். சத்தக்காரர் அந்த அறைப் பக்கம் போனால் சக்களத்தி வீட்டைத் தாண்டுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போவார்.

"புகார் வந்துக்கிட்டே இருந்தா பெட்டியைப் பிரிக்கச் சொல்லியிருக்காங்க. அப்புறம் உங்களுக்குப் பின்கட்டுலதான் வேலை. பழைய டேப்பெல்லாம் துடைச்சு அடுக்கணும். நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க?"

சின்ன வயதிலிருந்து சத்தக்காரருக்குத் தெரிந்த ஒரே வித்தை சத்தம் போடுவது. பின்கட்டு அறையிலோ ஒரு சத்தமும் கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் கண்ணில் பட்டதையெல்லாம் ஸ்கேலால் அடித்துப் பார்த்தார். கதவு சரிப்படவில்லை. தண்ணீர் டிரம் சரிப்படவில்லை. கடைசியில் பரண்மேல் இருந்த தோல் பெட்டியை இறக்கி ஒரு போடு போட்டார். 'தொம்' என்று சுவரே அதிர்கிற மாதிரி ஒரு சத்தம். அவருக்கு உடம்பெல்லாம் பூரித்துவிட்டது.

"அது எங்கம்மா எனக்குக் குடுத்த பெட்டி," என்றாள் மனைவி, சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று.

"பெட்டிக்கு ஒண்ணும் ஆகாது. புதன்கிழமை நாடகம் முடிஞ்சதும் கொண்டு வந்துடறேன்."

புதன்கிழமை நாடகத்தில் துப்பறியும் அதிகாரி தோல் பெட்டியால் ஒருவனைச் சுட்டுக் கொன்றார். போன் வந்தது.

"அது வெப்ளி ரிவால்வர் சத்தமாம்," என்றார் மேலாளர், குறித்து வைத்திருந்த துண்டுச் சீட்டைப் பார்த்து. "கனமான குண்டு, மெதுவாப் போகும், அதான் தொம்முங்குமாம். சத்தம் பரவாயில்லையாம். ஆனா அந்த அதிகாரி கையில வெப்ளிதான் இருக்குன்னு யாரு சொன்னது, என்ன துப்பாக்கின்னு முதல்ல முடிவு பண்ணிட்டுச் சுடுங்கன்னாராம்."

கேள்வி நியாயமானதுதான். சத்தக்காரர் கதாசிரியரிடம் ஓடினார்.

"சார், நம்ம அதிகாரி கையில என்ன துப்பாக்கி?"

"கறுப்புத் துப்பாக்கி."

"கறுப்புன்னா எந்தக் கறுப்பு?"

"ஏன்யா, ஆள் சாகணும், கதை நகரணும். அதுக்குக் கறுப்பு பத்தாதா?"

ஆனாலும் சத்தக்காரர் முகத்தைப் பார்க்கக் கதாசிரியருக்கே பாவமாக இருந்தது. படம் போட்ட ஒரு தடிப் புத்தகத்தைப் புரட்டி, பார்க்க அழகாக இருந்த ஒரு துப்பாக்கியின்மேல் விரலை வைத்தார். "இது. லூகர்." தேர்ந்தெடுத்ததை வீணாக்கக் கூடாதே என்று, அதற்கப்புறம் அதிகாரியை வாயைத் திறக்கும்போதெல்லாம் "என் லூகர் பசியோடு இருக்கிறது" என்று பேசவும் வைத்துவிட்டார். சும்மா கிடந்த சங்கை அவர் ஊதிவிட்டதாக மேலாளர் தலையில் அடித்துக்கொண்டார். பெயரைச் சொல்லிவிட்டால் சத்தமும் அந்தத் துப்பாக்கியின் சத்தமாகவே இருந்து தொலைக்க வேண்டுமே.

"நேர்ல போய் அவரைச் சமாதானப்படுத்திட்டு வந்துடுங்க," என்றார் மேலாளர். "அந்த அம்மாவே சொன்னாங்க. வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தா நல்லா விளக்கிச் சொல்வாராம்."

மூன்றாவது மாடி வீடு. அழைப்பு மணியிலிருந்து விரலை எடுப்பதற்குள் கதவு திறந்தது. திறந்த அம்மாள் வழித்துத் தலைவாரி, தோளில் பை மாட்டி, காலில் செருப்போடு நின்றிருந்தார்.

"ரேடியோ தம்பிதானே? வாங்க வாங்க. பிளாஸ்க்ல காபி இருக்கு. அவர் பேசுவார். நீங்க தலையாட்டினாப் போதும். நான் இதோ வந்துடறேன்."

அந்த வயதுக்கு அவர் படியிறங்கிய வேகம் சத்தக்காரரை ஆச்சரியப்படுத்தியது.

உள்ளே பச்சைத் துணி விரித்த மேசைக்குப் பின்னால் அவருடைய கணவர் உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு, ஆனால் மைதானத்துக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறவனைக் கூப்பிடுகிற குரல். மேசையில் வரிசையாகத் துப்பாக்கிகள், எல்லாமே ராணுவத்தில் பழைய நாளில் இருந்தவை. குழாய்களில் ஈயம் ஊற்றி அடைத்து அரசாங்க முத்திரை குத்தியிருந்தது. சமையலறையில் ஒரு ரேடியோ தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது.

"உட்காரு," என்றார்.

"ஐயா, இந்த லூகர் எப்படிச் சத்தம் போடும்னு..."

"இது மவுசர். தோட்டாவெல்லாம் விசைக்கு முன்னாடி இருக்கற கூட்டுல. பிடியைப் பாரு, துடைப்பக்கட்டை மாதிரி. மரப்பெட்டிதான் உறை. அந்த உறையையே பின்னாடி மாட்டினா தோள்ல வச்சுச் சுடலாம். பார்க்க ஜோரா இருக்கும். இடுப்புல கட்டினவன் ஒரு பக்கமாச் சாஞ்சுதான் நடப்பான்."

"சரிங்க ஐயா. லூகர்..."

"இது வெப்ளி. இப்படி முறிச்சாத் திறக்கும். திறந்ததும் காலித் தோட்டா ஆறும் தானா வெளியே குதிச்சுடும். கை விறைச்சுப் போயிருந்தாலும் வேலை நடக்கும். இது கோல்ட். ஏழு தோட்டா, ஒவ்வொண்ணும் சுண்டு விரல் மொத்தம். சேத்துல போட்டு மிதிச்சு எடுத்து உதறு, அப்பவும் சுடும். கதை எழுதறவன் எல்லாத்துக்கும் 'டுமீல்'னு போட்டுடறான். எந்தத் துப்பாக்கியாவது டுமீல்னு சொல்லி நீ கேட்டிருக்கியா? நான் பழுது பார்த்த ஒவ்வொண்ணையும் நானே சுட்டுப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன். ஒருநாளைக்கு எத்தனை சுட்டிருப்பேன் தெரியுமா?"

சத்தக்காரருக்கு அங்கேதான் ஒரு யோசனை உதித்தது. இவருக்கு எந்தத் துப்பாக்கி பிடிக்கும் என்று தெரிந்துகொண்டு, அதையே அதிகாரி கையில் கொடுத்துவிட்டால்? பிடித்ததை யார் குறை சொல்வார்கள்?

"ஐயா, இதுல உங்களுக்குப் பிடிச்சது எது?"

"ஈயம்தான். பயப்படாதே, ஒண்ணும் சுடாது," என்றார் அவர். "சரி, இத்தனையில உனக்கு எது பிடிச்சிருக்கு?"

சத்தக்காரர் தயங்கித் தயங்கி, ஒல்லிக் குழாயோடு சாய்ந்த பிடியோடு ஒய்யாரமாகக் கிடந்த லூகரைத் தொட்டுக் காட்டினார்.

கிழவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. "இதுவா? தூசி பட்டா அழும். தோட்டா கொஞ்சம் வலு கம்மியா இருந்தா அடுத்தது ஏறாது. சுடும்போதெல்லாம் மேல முழங்கால் மாதிரி மடங்குதே இந்த மூட்டு, பார்க்க அழகுதான், மண்ணு விழுந்தா அதோட சரி. மாசம் தவறாம ரிப்பேருக்கு வந்து நிக்கும். அழகைப் பார்த்தா ஆளு நீ?"

பெண் பார்க்கப் போன இடத்தில் தப்பான பெண்ணைக் கைகாட்டிவிட்ட மாதிரி சத்தக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் அந்த மூட்டை மடக்கிக் காட்டியபோது வந்த 'சடக்' சத்தத்தை மட்டும் காதில் பத்திரப்படுத்திக்கொண்டார்.

அந்த அம்மாள் திரும்பி வரும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. முகம் தெளிந்து, கையில் பாதி காலியான வேர்க்கடலைப் பொட்டலத்தோடு ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

"எப்படிப் போச்சு தம்பி? அடுத்த வெள்ளிக்கிழமையும் வாங்களேன். இன்னும் நிறைய வச்சிருக்கார்."

அடுத்த புதன்கிழமைக்கு வீட்டுக் குக்கரின் மூடி நிலையத்துக்குப் போனது. ஸ்கேல் அடி ஒன்று, மூடியைப் பூட்டுகிற 'சடக்' ஒன்று. சாட்சாத் லூகர். அன்று அதிகாரிக்கு உற்சாகம் தாங்கவில்லை, நடிகர் பாட்டுக்குச் சுட்டுக்கொண்டே போனார், சத்தக்காரரும் விடாமல் அடித்துக்கொண்டே போனார்.

போன் வந்தது.

"சத்தம் லூகரேதானாம்," என்றார் மேலாளர். சத்தக்காரர் முகம் மலர்ந்தது. "ஆனா அதுல எட்டுத் தோட்டாதான் பிடிக்குமாம். நம்ம ஆளு நடுவுல நிரப்பாம ஒம்பது தடவை சுட்டானாம். ஒம்பதாவது எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்கறார். நேர்ல வந்தா விளக்குவாராம்."

மலர்ந்த முகம் வாடியது. கதாசிரியருக்கோ ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எட்டுதானா? அப்ப பதிமூணு பிடிக்கற துப்பாக்கி எதுன்னு கேட்டுட்டு வாய்யா."

அந்த வெள்ளிக்கிழமை கேட்காமலே பதில் கிடைத்தது. "இது பிரவுனிங். பதிமூணு தோட்டா. கைக்குள்ள அடக்கமா உட்காரும், பொறந்ததுலேருந்து நம்ம கையிலயே இருந்த மாதிரி. இது டோகரேவ். பாதுகாப்புப் பூட்டுன்னு தனியா ஒண்ணு கிடையாது. பாகம் கம்மி, கோளாறு கம்மி. குண்டு வேகம் அதிகம், அதனால சாட்டையைச் சொடுக்கின மாதிரி சுள்ளுனு ஒரு சத்தம்."

"ஐயா, இப்பவாவது சொல்லுங்க. உங்களுக்குப் பிடிச்சது எது?"

"துப்பாக்கி எண்ணெய்தான் போடணும். சமையல் எண்ணெய் போட்டா பிசுபிசுன்னு ஆயிடும்."

பெரியவர் பிடிகொடுக்க மாட்டேன் என்கிறாரே என்று சத்தக்காரர் நொந்துகொண்டார். அந்த அம்மாள் அன்றும் வேர்க்கடலையோடுதான் திரும்பி வந்தார்.

இதற்குள் வியாதி சத்தக்காரருக்கும் தொற்றிக்கொண்டது. இரவு சாப்பாட்டில் உட்கார்ந்தால் கோல்ட், கை கழுவ எழுந்தால் பிரவுனிங்.

"இங்க பாரு, எனக்கு டோகரேவ்தான் சரின்னு படுது. ஆனா வெப்ளியையும் ஒதுக்க முடியல. நீ என்ன நினைக்கறே?"

"சோத்தைப் பார்த்துச் சாப்பிடுங்க," என்றாள் மனைவி. "எட்டா பதிமூணான்னு எனக்கு எதுக்கு? ஆமா, அந்தத் துப்பாக்கி வீட்டு அம்மா போன் பண்ணாங்க. வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு வர்றீங்கன்னு கேட்டாங்க. ரொம்ப நல்ல மாதிரி. பேசிக்கிட்டே இருந்ததுல நேரம் போனதே தெரியல."

"அப்படி என்ன பேசினீங்க?"

"பொதுவா," என்றாள்.

அடுத்த நாடகத்தில் கதாசிரியர் அதிகாரி கையில் பிரவுனிங்கைக் கொடுத்து, பதிமூன்று எதிரிகளை ஒரே வரிசையில் நிறுத்திவிட்டார். பிரவுனிங்கின் மரியாதையைக் காப்பாற்றுவதற்காகச் சத்தக்காரர் தோல் பெட்டியைப் பலம்கொண்ட மட்டும் அடித்தார். பன்னிரண்டு பேர் கௌரவமாகச் செத்தார்கள். பதிமூன்றாவது அடிக்குப் பெட்டி இரண்டாகப் பிளந்து, கைப்பிடி எகிறிப் போய் மைக்கில் மோதியது. ஸ்டூடியோவில் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

போன் வந்தது. மேலாளர் இம்முறை தலையை மட்டும் நீட்டவில்லை, முழு உடம்போடு உள்ளே வந்தார்.

"பன்னண்டு குண்டு பிரவுனிங்காம். பதிமூணாவது பீரங்கியாம். ஒரே துப்பாக்கியில ரெண்டும் எப்படி வரும்னு கேக்கறார். தலைமை அலுவலகமும் நாடகத்தைக் கேட்டிருக்கு. அடுத்த புதன்கிழமைதான் கடைசி. அன்னிக்கு ஒரே ஒரு புகார் வந்தாலும் பெட்டியைப் பிரிச்சுடுவேன். என்னை மன்னிச்சுடுங்க."

வீட்டில் மனைவி பிளந்துபோன பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பிறகு எழுந்து குக்கர் மூடியைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மூன்றாவது மாடிக் கதவு வழக்கம்போலத் திறந்தது. செருப்போடு நின்ற அம்மாளைப் பார்த்ததும் சத்தக்காரர் படிக்கு வழிவிடாமல் குறுக்கே நின்றார்.

"அம்மா, நீங்களாவது ஐயாகிட்டச் சொல்லக்கூடாதா? இன்னும் ஒரு புகார் வந்தா என் வேலை போயிடும். எனக்கு சத்தம் போடறதைத் தவிர வேற எதுவும் தெரியாதும்மா."

அந்த அம்மாளின் கை தோளில் இருந்த பையை அப்படியே பிடித்துக்கொண்டது.

"வேலையே போயிடுமா?"

"ஆமாம்மா. பின்கட்டுல கொண்டுபோய்ப் போட்டுடுவாங்க."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, "நீங்க உள்ளே போங்க தம்பி," என்றார். அன்று அவர் எங்கும் போகவில்லை. சமையலறையில் ரேடியோவை அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பெரியவர் மட்டும் எப்போதும்போல மவுசரிலிருந்து ஆரம்பித்து ஒன்றைக்கூட விடாமல் சொல்லி முடித்தார். பிடித்தது எது என்று அன்றும் கேட்டதற்கு, "நாளைக்கு மழை வரும்போல இருக்கு," என்றார்.

கடைசிப் புதன்கிழமை. தோல் பெட்டி இல்லை, குக்கர் மூடி இல்லை. மிச்சமிருந்தது அந்தப் பழைய ரெக்சின் திண்டும் ஸ்கேலும். கடைசிக் காட்சியில் ஒரே ஒரு குண்டு. அதிகாரி எதிரியின் நெஞ்சுக்கு நேராகப் பழையபடி லூகரையே நீட்டிக்கொண்டு வசனம் பேச, சத்தக்காரர் திண்டைத் தடவிப் பார்த்தார். எத்தனை துப்பாக்கியைப் பார்த்தாயிற்று, எதை எதோடு ஒப்பிட்டாயிற்று. உனக்குப் பிடித்தது எது என்று இப்போது யாராவது கேட்டால், யோசிக்காமல் இதைத்தான் காட்டுவார். தூசி பட்டால் அழாது. தோட்டாக் கணக்குக் கிடையாது. போகிற வேலை நம்ம சத்தத்தோடேயே போகட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு ஓங்கினார்.

டுமீல்.

அப்பட்டமான, கலப்படமில்லாத டுமீல்.

போன் வந்தது. சத்தக்காரர் சட்டைப்பையில் இருந்த பேனா, கண்ணாடி எல்லாவற்றையும் எடுத்துச் சரிபார்த்துக்கொண்டார், பின்கட்டுக்குப் போக. மேலாளர் வந்தார். முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"அந்த அம்மாதான்."

"தெரியும் சார்."

"அவங்க வீட்டுக்காரர் எழுந்து நின்னு கை தட்டினாராம். 'இதுதான்யா லூகர், இத்தனை வருஷத்துல இப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்ல'ன்னாராம். தலைமை அலுவலகத்துக்கும் போன் பண்ணி இதையே சொல்லிட்டாங்க. பெட்டியைத் திருப்பி அனுப்பச் சொல்லியாச்சு."

ஸ்டூடியோவே சத்தக்காரரைக் கட்டிப்பிடித்துக்கொண்டது. கதாசிரியர் எல்லாம் தன் லூகரால்தான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சந்தோஷம் மறுநாள் வரைதான் தாங்கியது. அதே திண்டு. அதே ஸ்கேல். அதே அடி. முதலில் மெத்தை தட்டுகிற சத்தம் என்றவர், இப்போது எழுந்து நின்று கை தட்டுவானேன்? வேலை பிழைத்த நிம்மதியை இந்தக் கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது. வெள்ளிக்கிழமை யாரும் அனுப்பாமலே போய் மணியை அடித்தார்.

அந்த அம்மாள் கதவைத் திறந்தார். செருப்பும் பையும் பழையபடி திரும்பி வந்திருந்தன. உள்ளே பெரியவர் இவரைக் கண்டதும் மேசை இழுப்பறையைத் திறந்தார்.

"வா. உன்மேல எனக்கு ஒரு வருத்தம் உண்டு."

"என்னங்க ஐயா?"

"இத்தனை தடவை வந்தே. நானும் மூச்சு முட்ட எல்லாத்தையும் சொன்னேன். எனக்குப் பிடிச்சது எதுன்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

சத்தக்காரர் வாயைப் பிளந்தார். கேட்டுக் கேட்டு நாக்கே தேய்ந்துபோனவர் அவர்.

பெரியவர் மெல்லிய துணியில் சுற்றிய ஒன்றை எடுத்துப் பிரித்து, தூங்குகிற குழந்தையை இறக்குகிற மாதிரி மேசையில் வைத்தார். லூகர்.

"இதுதான்," என்றார். அந்தக் குரல் முதல்முறையாகக் கொஞ்சம் இறங்கியிருந்தது. "மத்ததெல்லாம் ஒழுங்கா வேலை செஞ்சுது. ஒழுங்கா வேலை செஞ்சதனால ஒண்ணுகூட என் பக்கம் எட்டிப் பார்க்கல. இது ஒண்ணுதான் ஏதாவது ஒரு குறையைச் சொல்லிக்கிட்டு மாசாமாசம் என்னைத் தேடி வரும்."

சத்தக்காரர் தலையாட்டினார். பெரியவர் திருப்தியாகி எண்ணெய்ப் புட்டியைத் தேட ஆரம்பித்ததும், மெதுவாக வாசலுக்கு நகர்ந்து அந்த அம்மாளிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அம்மா, ஒண்ணு மட்டும் கேக்கறேன். புதன்கிழமை ஐயா எந்தச் சத்தத்தைக் கேட்டு அப்படிக் கை தட்டினார்?"

அந்த அம்மாள் குனிந்து செருப்பு வாரை இறுக்கிக்கொண்டே சொன்னார்:

"அவருக்கு ரெண்டு காதும் போய்ப் பதினஞ்சு வருஷமாச்சு தம்பி, குறை சொன்னது பாராட்டினது எல்லாம் நான்தான், வாரத்துல ஒரு நாளாவது இந்தத் துப்பாக்கிப் பேச்சுக்கு வேற ஒரு ஆள் கிடைக்கட்டுமேன்னு. சரி, நீங்க போய் உட்காருங்க, படம் போட்டுடுவான், உங்க வீட்டம்மா கீழே டிக்கெட்டோட நிக்கறா."